முதலில் வாலைப் பாருங்கள்: கொழும்பில் திரியும் பாலூட்டிகளை இனங்காண ஒரு வழி

கொழும்பு ஆட்களின் வட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி ஒரு மங்கலான படம் வந்து விழும். இரவு நேரம், ஒரு மதில், மதில் மேலே மினுங்குகிற இரண்டு கண், கீழே "இது என்ன, சிறுத்தைக் குட்டியா?" என்று ஒரு கேள்வி. கீரி என்பார் ஒருவர், மரநாய் என்பார் இன்னொருவர், மூன்றாவது ஆள் புனுகுப்பூனை என்பார், சும்மா கொழுத்த வீட்டுப் பூனை என்று அடித்துச் சொல்லவும் ஒருவர் இருப்பார். படம் எடுத்தவரோ முகத்தை மட்டும்தான் எடுத்திருப்பார். இரவில், மஞ்சள் தெருவிளக்கில், முகமும் நிறமும் கண்ணை ஏமாற்றிவிடும். உதவுவது வால்தான். எவ்வளவு நீளம், எவ்வளவு தடிப்பு, வளையம் இருக்கிறதா, நுனி என்ன நிறம், நடக்கும்போது தூக்கிப் பிடிக்கிறதா தாழ்த்திப் பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டால், கொழும்பில் நீங்கள் காணக்கூடிய பாலூட்டிகளில் பெரும்பாலானவற்றை அந்த இடத்திலேயே சொல்லிவிடலாம்.

விலங்கியல்காரர்களும் வாலை விடுவதில்லை. அருங்காட்சியகத்தில் ஒரு பாலூட்டியின் தோலையோ மண்டையோட்டையோ வைத்தால் அதன் சீட்டில் நான்கு அளவுகளை எழுதுவது வழமை: தலையும் உடலும் சேர்ந்த நீளம், வால் நீளம், பின்னங்கால் பாதத்தின் நீளம், காது நீளம்.

பாலூட்டி என்றால் என்ன என்பதில் நிறைய நேரம் செலவழிக்கத் தேவையில்லை. உடம்பில் மயிர், குட்டிக்குப் பால், நடுக்காதுக்குள் மூன்று சின்னஞ்சிறு எலும்பு, அவ்வளவுதான். கழுத்தெலும்புக் கணக்கை மட்டும் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஒட்டகச்சிவிங்கிக்கும் ஏழு, திமிங்கிலத்துக்கும் ஏழு, மூஞ்சூறுக்கும் ஏழு, உங்களுக்கும் ஏழு. தென் அமெரிக்க மரங்களில் தொங்கும் ஸ்லோத்துக்கும், கடற்பசுவின் உறவான மனாட்டிக்கும் மட்டும் கணக்கு மாறும். கழுத்து விஷயத்தில் இவ்வளவு கறாராக இருக்கிற இந்தக் கூட்டம் வாலில் மட்டும் இஷ்டத்துக்கு விளையாடியிருக்கிறது.

சரி, வீட்டுக் கூரையிலிருந்தே தொடங்கலாம்.

வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கத்துப் பழைய ஓட்டு வீடுகளிலும், வத்தளை வளவுகளிலும், இரவில் சீலிங்குக்கு மேலே யாரோ நடப்பதாகச் சத்தம் கேட்டால் அது பெரும்பாலும் மரநாய். உடல் அளவுக்கே கிட்டத்தட்ட நீளமான, வளையம் இல்லாத, கறுத்த வால். இந்த ஒரு அடையாளம் போதும். முகத்தில் கறுப்பு முகமூடி போட்டது மாதிரி ஒரு பட்டை இருக்கும், முதுகில் மங்கலாகக் கோடுகள் ஓடும், ஆனால் அவை தெரிவதும் தெரியாததும் வெளிச்சத்தைப் பொறுத்தது. எடை இரண்டு கிலோவிலிருந்து ஐந்து கிலோ வரை. அது நாயுமில்லை பூனையுமில்லை, தனிக் குடும்பம். பரம்பரையைப் பார்த்தால் பூனைப் பக்கத்து உறவு, கீரியும் கழுதைப்புலியும்கூட அந்தப் பக்கத்துக்குத்தான் சொந்தம்.

மரநாய் என்ன தின்னும் என்று கேட்டால் மாம்பழம், பப்பாசி, ஜம்பு, ரம்புட்டான், இடையில் ஒரு எலி என்று பட்டியல் நீளும். கித்துள் பழத்தையும் தின்னும். அந்தப் பழத்தில் உள்ள, ஊசி மாதிரிக் கூரான ஒக்சலேற் உப்புப் படிகங்கள் நம் கையிலும் வாயிலும் பட்டால் அரிப்பெடுக்கும், மரநாயோ விருந்தாகத் தின்றுவிட்டுக் கொட்டையை வேறு எங்காவது கொண்டுபோய்ப் போட்டுவிடும். இந்த நாட்டில் கித்துள் பாணி சாப்பிடுகிற எல்லோரும் இந்த மிருகத்துக்குக் கொஞ்சம் கடன்பட்டவர்கள் என்பது என் கருத்து. மரத்தில் கட்டிய முட்டியில் கள் குடிக்கவும் போகும். மதில் மேலே முழு விதைகளோடு ஒரு எச்சம் கிடந்தால் இரவு வந்து போனவர் யார் என்று தெரிந்துகொள்ளலாம். இந்தோனேசியாவில் பெரிய விலைக்கு விற்கும் கோப்பிக்கொட்டை இதே மிருகத்தின் வயிற்றுக்குள்ளால் வந்ததுதான். இன்னொன்று, மரநாய் போன இடத்தில் சில நேரம் ரம்பை இலை வாசம் வரும். குசினியில் சோறு வேகும் வாசமென்று நினைத்துத் தேடினால் அடுப்பு அணைந்திருக்கும். மூக்கும் ஒரு கருவிதான், அதையும் பயன்படுத்துங்கள்.

இதே அளவில், ஆனால் நிலத்தில் நடமாடுகிறதா, வாலில் கறுப்பும் வெளிறலுமாக வளையங்கள் இருக்கின்றனவா, பக்கத்தில் புள்ளிகள் வரிசை பிடித்து நிற்கின்றனவா, அப்படியானால் அது புனுகுப்பூனை. திருப்பதியில் மூலவருக்குச் சாத்துகிற புனுகு இதன் வாலடிச் சுரப்பியிலிருந்து வருவது. வாசனைக்காக இதைக் கூண்டில் அடைத்துச் சுரண்டிய வரலாறு நீளமானது, அதை நினைத்தால் எனக்குக் கோபம் வரும். வளையம் இருந்தால் புனுகு, இல்லாவிட்டால் மரநாய். இவ்வளவு எளிதான விதி விலங்கியலில் அடிக்கடி கிடைக்காது.

கூரையில் ஓடுவது சின்னதாக, வால் உடலைவிட நீளமாக இருந்தால் கூரை எலி. வால் உடலைவிடக் கட்டையாக, ஆள் தடித்து, கான் பக்கத்தில் திரிந்தால் சாக்கடை எலி. எலிக்கு இது போதும்.

எலி என்று நினைத்து நாம் அடித்துக் கொல்கிற இன்னொன்றைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். மூஞ்சூறு. சுவரோரமாக மட்டும் ஓடும், கீச்கீச்சென்று சத்தம் போடும், மூக்கு நீண்டு கூராக, ஓடும்போதும் ஆடிக்கொண்டே இருக்கும், கண் கடுகளவு. வாலைக் கவனியுங்கள்: அடியில் நல்ல தடிப்பு, நுனிக்குப் போகப் போக மெலியும், மேலே அங்கொன்றும் இங்கொன்றுமாக நீட்டு மயிர் நிற்கும். எலியின் வால் மெல்லிசாக, ஒரே சீராக, செதில் வளையங்களோடு இருக்கும். பல்லும் வேறு: எலிக்கு முன்னால் உளி மாதிரி வளர்ந்துகொண்டே போகும் பல், மூஞ்சூறுக்குப் பூச்சியைப் பிடித்து நொறுக்கும் கூர்ப்பல். உங்கள் குசினியில் அது தேடுவது பெரும்பாலும் கரப்பானைத்தான். உங்களிடம் சம்பளம் கேட்காமல் வேலை செய்கிற ஒரு சீவனை விளக்குமாற்றால் துரத்துவது நியாயமே இல்லை.

பரம்பரைக் கணக்கில் எலியும் மூஞ்சூறும் எவ்வளவு தூரம் தெரியுமா? எலிக்கு மூஞ்சூறைவிட மனிதன் நெருங்கிய சொந்தம். எலி, முயல், குரங்கு, மனிதன் எல்லாம் பாலூட்டி மரத்தின் ஒரு பெருங்கிளையில் இருக்கின்றன. மூஞ்சூறு அடுத்த பெருங்கிளையில், வௌவால், மாடு, பூனை, திமிங்கிலத்தோடு சேர்ந்து இருக்கிறது. பிள்ளையார் தன் வாகனமாக வைத்திருக்கும் மூஞ்சூறு ஒரு திமிங்கிலத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்றால், கொட்டாஞ்சேனைப் பக்கம் கோயிலுக்குப் போகும் சின்னப்பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல கதை வேண்டுமா? கோயில் சிற்பத்தில் நிற்பது மூஞ்சூறா எலியா என்று அந்தப் பிள்ளைகளையே மூக்கைப் பார்த்துத் தீர்மானிக்கச் சொல்லுங்கள்.

தாய் மூஞ்சூறு இடம் மாறும்போது முதல் குட்டி தாயின் வாலடியைக் கவ்விக்கொள்ளும், இரண்டாவது முதலாவதைக் கவ்விக்கொள்ளும், அப்படியே கடைசிக் குட்டிவரை கோத்துக்கொண்டு கோட்டை ரயில் பெட்டிகள் மாதிரி வளைந்து வளைந்து போவார்கள். இரவில் குசினிக்குள் தரையில் சின்னப் பாம்பு போகிறது என்று யாராவது கத்தினால் முதலில் இதை நினையுங்கள். பூனை மூஞ்சூறைப் பிடித்தாலும் பெரும்பாலும் தின்னாமல் போட்டுவிட்டுப் போகும், அந்தக் கஸ்தூரி நாற்றம் அதற்கும் பிடிப்பதில்லை.

பகலில் மதிலோரம் நீட்டாக ஒன்று ஓடினால் கீரி. இலங்கையில் கீரி நான்கு வகை, பிரிப்பதற்கு மறுபடியும் வால்தான். நுனி கறுப்பா என்று பாருங்கள். கறுப்பு, உடம்பு செம்பழுப்பு, நுனியை மேலே வளைத்துத் தூக்கிக்கொண்டு போகிறது என்றால் செங்கீரி. கறுப்பு நுனியோடு கழுத்தின் பக்கத்தில் ஒரு கறுப்புக் கோடும், ஆள் பெரிய உருப்படியாகவும் இருந்தால் கழுத்துக்கோட்டுக் கீரி, நான்கிலும் பெரியது அதுதான். நுனி கறுப்பில்லை, உடம்பு முழுக்கச் சாம்பலும் வெள்ளையும் தூவியது மாதிரி இருந்தால் சாம்பல் கீரி, இருண்ட பழுப்பாக இருந்தால் பழுப்புக் கீரி. கடைசி இரண்டையும் ஓட்டத்தில் பிரிப்பது கஷ்டம், சந்தேகமானால் கீரி என்று மட்டும் சொல்லி விடுவது நல்லது.

கீரி பாம்போடு சண்டை பிடித்துவிட்டு மூலிகை தின்று விஷத்தை முறிக்கும் என்று நம்மவரிடம் ஒரு கதை உண்டு. உண்மை அதைவிட ருசியானது. நாகத்தின் நரம்பு விஷம் நம் தசைகளில் நரம்பின் செய்தியை வாங்குவதற்கென்று இருக்கிற ஒரு வாங்கியில் போய் ஒட்டிக்கொண்டு நரம்பின் கட்டளையை நிறுத்திவிடும். கீரியின் உடம்பில் அந்த வாங்கியின் வடிவம் கொஞ்சம் மாறியிருக்கிறது, விஷம் வந்தாலும் ஒட்டிக்கொள்ள முடியாது. ஆனால் எல்லாப் பாம்புக்கும் இது உதவாது. இரத்தத்தைக் கெடுக்கும் விரியன் விஷம் வேறு வழியில் வேலை செய்வது, அதன் முன்னால் கீரிக்கு வேகமும் சிலிர்த்த மயிரும் பெரிய துணை.

அணிலை யாரும் மாற்றிச் சொல்லமாட்டார்கள். இராமர் தடவிய மூன்று விரல் கோடு கொழும்பு அணிலின் முதுகில் சரியாக மூன்றாகவே இருக்கிறது. வட இந்தியாவில் ஐந்து கோட்டு அணில் என்று ஒரு தனி இனம் உண்டு, அங்கே கதை சொல்பவர்கள் அந்த இரண்டு விரலை எப்படிச் சமாளிக்கிறார்களோ தெரியாது.

இராமாயணம் என்றதும் குரங்கு. இராவணன் சபையில் வாலைச் சுருட்டி ஆசனம் போட்டு உட்கார்ந்த அனுமனைக் கேட்டு வளர்ந்ததால் குரங்கு வாலால் எதையும் செய்யும் என்று நமக்கு ஒரு நினைப்பு. கார்ட்டூன்களில் வாலில் தொங்கும் குரங்குகள் அந்த நினைப்பை இன்னும் கெட்டியாக்கிவிட்டன. வாலால் கிளையைப் பிடித்துத் தொங்கக்கூடிய குரங்குகள் அமெரிக்கக் கண்டங்களில் மட்டும்தான் இருக்கின்றன. நம் குரங்குகளுக்கு வால் சமநிலைக்கு, அவ்வளவுதான்.

கொழும்பைச் சுற்றி இரண்டு வகை. சிங்களத்தில் ரிலவா என்பார்கள், அது செம்பழுப்பு, உச்சந்தலையில் மயிர் வட்டமாகப் படர்ந்து தொப்பி வைத்தது மாதிரி இருக்கும். இலங்கையைத் தவிர உலகில் எங்கும் இயற்கையாக இல்லை. கன்னத்துக்குள் பை இருக்கிறது, கிடைத்ததை அடைத்துக்கொண்டு ஓடிப்போய்ப் பாதுகாப்பான இடத்தில் நிதானமாக மெல்லும். மற்றது வந்துரா என்கிற ஊதாமுகக் குரங்கு, கறுத்த உடல், கன்னத்தில் வெளிறிய தாடி, நேராகக் கீழே தொங்குகிற நீட்டு வால், வாலடியில் வெளிறிய ஒரு திட்டு. கன்னப் பை கிடையாது. அதற்குப் பதிலாக வயிற்றில் பல அறைகள், மாட்டுக்கு நடப்பது மாதிரி இலையை உள்ளே நுண்ணுயிர்கள் புளிக்க வைத்துத்தான் சமிபாடு நடக்கும். பட்டை மாதிரிக் கடினமான இலையைத் தின்று வாழ்கிற இரகசியம் இதுதான்.

கொழும்பு, கம்பஹா, களுத்துறைப் பக்கம் இருப்பது இந்த ஊதாமுகத்தின் மேற்குக் கிளையினம். குரங்கு, மனிதக்குரங்கு, லெமூர் எல்லாம் சேர்ந்த கூட்டத்தில் உலகின் மிக ஆபத்தில் உள்ள 25 இனங்களின் பட்டியலில் பல தடவை இடம்பிடித்தது. பத்தரமுல்லைப் பக்கம் காலையில் கூரையில் தடதடவென்று ஓடி, ஓடு உடைந்து, வீட்டுக்காரர் கோபத்தோடு வெளியே வருகிறாரே, அந்த ஓட்டை உடைத்த ஆள் உலகப் பட்டியலில் இடம்பிடித்தவர். மரங்கள் தொட்டுக்கொண்டிருந்தால் அது கூரைக்கு வராது, கிளையிலிருந்து கிளைக்குப் போகும் பிராணி அது. மரத்தை வெட்டியதால்தான் ஓட்டிலும் கரண்ட் வயரிலும் போகிறது, வயரில் செத்தும் போகிறது.

வயரில் சாகிற இன்னொன்று பெரிய பழந்தின்னி வௌவால். விகாரமகாதேவி பூங்காப் பக்கம் பகலில் மரம் நிறையத் தொங்குவதைப் பார்க்காத கொழும்பு ஆள் இருக்க முடியாது. சிறகு விரித்தால் ஒரு மீட்டருக்கு மேல், இரண்டு வயரை ஒரே நேரத்தில் தொட அது போதும். இதன் வால் எங்கே என்று தேடாதீர்கள், இல்லை. பூச்சி தின்னும் சின்ன வௌவால்களுக்குச் சிறகுத் தோலோடு சேர்ந்து வால் இருக்கும், இந்தப் பெரியவருக்கு வாலே இல்லை. சத்தம் அனுப்பி எதிரொலி கேட்டுப் பறப்பதும் இதற்குத் தெரியாது, கண்ணையும் மூக்கையும் நம்பிப் பறப்பது. வருடத்துக்குப் பெரும்பாலும் ஒரே குட்டி, தாய் அதை நெஞ்சில் கட்டிக்கொண்டே பறக்கும். தலைகீழாகத் தொங்கிக்கொண்டு சிறுநீர் கழித்தால் முகத்தில்தானே விழும் என்று கேட்கிற பிள்ளைகளுக்குப் பதில் இருக்கிறது: அந்த நேரத்தில் வௌவால் பெருவிரல் நகத்தால் கிளையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து தொங்கும், வேலை முடிந்ததும் மறுபடி தலைகீழாகிவிடும். பழத்தை நசுக்கிச் சாற்றைக் குடித்துவிட்டுச் சக்கையைத் துப்பும், விதையைத் தூரத்தில் போட்டுவிட்டுப் போகும்.

கடலுக்கும் வால் விதி பொருந்தும். காலிமுகத்திடலில் நின்று பார்க்கும்போதோ மீன்பிடிப் படகிலோ ஒரு வால் தண்ணீருக்கு மேலே வந்தால், அது கிடையாக இருக்கிறதா நிமிர்ந்து நிற்கிறதா என்று பாருங்கள். கிடையாக இருந்தால் டொல்பின், திமிங்கிலம், கடற்பசு, மூன்றும் பாலூட்டி. நிமிர்ந்து நின்றால் மீன், திமிங்கிலச் சுறாவும் அதில் சேர்த்தி. தரையில் பாய்ந்தோடிய முன்னோரின் முதுகெலும்பு மேலும் கீழுமாக வளைந்து பழகியது, கடலுக்குத் திரும்பிப் போன பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. மீனின் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவது.

இனி அந்தச் "சிறுத்தைக் குட்டி". கொழும்பு நகருக்குள் காட்டுச் சிறுத்தை இல்லை. தியவன்னா ஓயா, பெத்தகானை, தலவத்துகொடைச் சதுப்புநிலப் பக்கம் புள்ளி போட்ட, வீட்டுப் பூனையைவிட நன்றாகப் பெரிய ஒன்றைக் கண்டால் அது மீன்பிடிப் பூனை. சிறுத்தைக்குக் குட்டியாக இருந்தாலும் வால் நீட்டு. மீன்பிடிப் பூனைக்கோ உடல் நீளத்தில் பாதிகூட வராத, கட்டையான, தடித்த வால், நீந்தும்போது சுக்கான் பிடிக்க அது போதும். புள்ளியையும் பாருங்கள்: சிறுத்தைக்குப் பூ மாதிரி வட்டம் வட்டமாக, இதற்கு ஒற்றைப் புள்ளிகள் வரிசையாக, நெற்றியிலிருந்து பிடரிக்குக் கோடுகள். கால் குட்டை, ஆள் உருண்டு திரண்டவர். சிங்களத்தில் ஹந்துன் திவியா என்ற பெயர் சில நேரம் இதற்கும் சில நேரம் வேறு பூனைக்கும் சொல்லப்படுவதால் ஏதோ தனியான சின்னச் சிறுத்தை இனம் இருப்பதாகவும் ஒரு நம்பிக்கை உலவுகிறது. இலங்கையில் காட்டுப் பூனைக் குடும்பத்தில் நான்கே நான்குதான்: சிறுத்தை, மீன்பிடிப் பூனை, காட்டுப்பூனை, உலகின் மிகச் சிறிய பூனைகளில் ஒன்றான துருப்புள்ளிப் பூனை.

மீன்பிடிப் பூனை தண்ணீரோரம் குந்திக்கொண்டு கையால் தண்ணீரை மெல்லத் தட்டும், பூச்சி விழுந்தது என்று மீன் மேலே வரும், அவ்வளவுதான் அந்த மீனின் கதை. தேவைப்பட்டால் தலைகீழாகப் பாய்ந்து முக்குளிக்கும். விரல்களுக்கிடையில் கொஞ்சம் தோல் இருக்கும், நகம் முழுதாக உள்ளே போகாது, அதனால் சேற்றில் காலடியைப் பார்த்தும் சொல்லலாம்: பூனை மாதிரி நான்கு விரல், ஆனால் நகமும் பதிந்திருக்கும். ஐந்து விரலும் இடையில் தோலும் பதிந்து, பக்கத்தில் செதில் நிறைந்த எச்சமும் இருந்தால் நீர்நாய், ஐரோப்பிய ஆறுகளில் நீந்துகிற அதே இனம் நம் வாய்க்காலிலும் இருக்கிறது. அதன் வால் அடியில் மிகத் தடித்து நுனியில் கூராகும்.

சதுப்புநிலங்களைக் காப்பதற்கான சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ், 2018 இல் உலகின் முதல் 18 சதுப்புநில நகரங்களில் ஒன்றாகக் கொழும்பு அங்கீகாரம் பெற்றது. அந்தப் பெருமைக்குரிய நிலம் இந்தப் பூனையின் வீடும் ஆகும். உலகளவில் அழிவாபத்துக்கு உள்ளாகக்கூடியது என்ற பட்டியலில் இருக்கும் ஒரு காட்டுப் பூனை, மாடிக் கட்டடங்களுக்கு நடுவே குடியிருக்கிறது, சில இரவுகளில் வீட்டுத் தோட்டத்து அலங்கார மீன் தொட்டியையும் எட்டிப் பார்க்கிறது. சிறுத்தை வந்துவிட்டது என்று யாரோ கத்த, ஊர் கூடித் தடி எடுக்கும்போது சாவது பெரும்பாலும் இதுதான். வால் நீளத்தைத் தெரிந்த ஒரே ஒரு ஆள் அந்தக் கூட்டத்தில் இருந்தால் அது தப்பிவிடும்.

அதனால் கண்டால் ஓரமாக நில்லுங்கள், போக வழி விடுங்கள், நாயைக் கட்டிவையுங்கள், பக்கவாட்டில் வாலும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுங்கள். காயப்பட்டிருந்தாலோ கிணற்றிலோ கானிலோ விழுந்திருந்தாலோ வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அழையுங்கள், இடத்தையும் வாலைப் பற்றியும் சொல்லுங்கள். புல்லுக்குள் குட்டி தனியாகக் கிடந்தால் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வராதீர்கள், பால் வைக்கவும் வேண்டாம். தாய் இரை தேடப் போயிருக்கும், ஆட்கள் விலகிவிட்டால் இரவில் வந்து பிடரியில் கவ்வித் தூக்கிக்கொண்டு போகும்.